மரத்தடி மேடையும் மாநகர வாழ்வும்

சென்னையில் ஒரு பங்கில் நாம் பணியாற்றிய காலத்தில் நடந்தது இது. ஆலய வளாகத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதைச் சுற்றி வட்டமாக ஒரு சிமெண்ட் மேடை. காலைத் திருப்பலி முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் அதில் அமர்ந்துவிடுவார்கள். ஒருவர் நாளிதழ் கொண்டு வருவார். மற்றவர்கள் ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். யார் வீட்டில் வரன் பார்க்கிறார்கள், யாருக்குச் சர்க்கரை கூடிவிட்டது, எந்தத் தெருவில் மூன்று நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை என்பதெல்லாம் அந்த மேடையில் பேசப்படும். எட்டு மணிக்குத்தான் கலைவார்கள்.

ஞாயிறு திருப்பலிக்கு வருவோரின் இருசக்கர வண்டிகளை நிறுத்த இடம் போதவில்லை என்ற குறை வந்தது. பங்குப் பேரவை கூடியது. மேடையை இடித்துவிட்டால் முப்பது வண்டிகளை நிறுத்தலாம் என்றார்கள். எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. நாமும் தலையசைத்தோம். ஒரே நாளில் மேடை போயிற்று.

சில மாதங்கள் கழித்து, தனியாக வாழ்ந்த ஒரு மூதாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தார். எழ முடியவில்லை. ஒன்றரை நாள் அப்படியே கிடந்திருக்கிறார். பால் போட வந்த பையன்தான் முதல் நாள் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் சொன்னான். உயிர் பிழைத்தார்; ஆனால் அதன்பின் அவர் நடக்கவில்லை. மருத்துவமனையில் அவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, மேடையில் அமரும் பெரியவர்களில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "மேடை இருந்திருந்தா அன்னைக்குக் காலையிலேயே தேடிப் போயிருப்போம் சாமி. அந்தம்மா ஒரு நாளும் வராம இருந்ததில்லே."

அந்தச் சொல் நம்மை விட்டு இன்றுவரை அகலவில்லை. நாம் இடித்தது சிமெண்ட் மேடையை மட்டும் அல்ல என்பது அப்போதுதான் புரிந்தது. அதிலிருந்து எழுந்த சிந்தனையைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

மூன்றாவது இடம்

ரே ஓல்டன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 1989-இல் ஒரு நூல் எழுதினார். மனிதனுக்கு முதல் இடம் வீடு. இரண்டாவது இடம் வேலை செய்யும் இடம். இவ்விரண்டும் தவிர மூன்றாவது இடம் ஒன்று தேவை என்று அதில் விளக்கினார். அங்கே நுழைய அழைப்பிதழ் வேண்டாம். பதவியும் படிப்பும் வாசலோடு நின்றுவிடும். செலவு அதிகம் இராது. பேச்சுதான் அங்கே முக்கிய வேலை. வழக்கமாக வருபவர்கள் இருப்பார்கள். புதிதாக வருபவருக்கும் இடம் இருக்கும். நடந்து போகும் தொலைவில் இருக்கும்.

நமக்கு இது புதிய செய்தி அல்ல. திண்ணை, ஆலமரத்தடி, குளத்தங்கரை, சாவடி, கிணற்றடி என்று நம் ஊர்கள் இவற்றை வைத்துத்தான் வாழ்ந்தன. விவிலியத்தில் வரும் ஊர்களும் அப்படியே. நகர வாயிலில் மூப்பர்கள் அமர்ந்து வழக்குத் தீர்த்தார்கள். போவாசு ரூத்தை மணப்பதற்கான பேச்சு அங்கேதான் முடிந்தது. ஆண்டவர் இயேசு சமாரியப் பெண்ணைச் சந்தித்ததும் ஊர்க் கிணற்றடியில்தான். பிறர் வரும் நேரத்தைத் தவிர்த்து நண்பகலில் தனியாக வந்த பெண் அவர். கூடும் இடத்தில் தனக்கு இடமில்லை என்று நினைத்திருந்தவரைக் கிணற்றடியே மீண்டும் ஊரோடு சேர்த்துவைத்தது.

மாநகரத்தில் கிணற்றடி இல்லை. ஆனால் மக்கள் தங்களுக்கென்று கூடும் இடங்களை எப்படியோ உண்டாக்கிக்கொள்கிறார்கள். நம் சென்னையையே பார்ப்போம்.

மணலில் ஒரு மன்றம்

மெரினாவுக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் ஆளுநர் கிராண்ட் டஃப். 1884-இல் கடற்கரையை ஒட்டி நடைபாதை அமைத்து அதற்கு அவர் அப்பெயரிட்டார். வெள்ளையர் மாலையில் காற்று வாங்க அமைத்த இடம் அது. ஆனால் நகரத்து மக்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923 மே முதல் நாளில், இந்தியாவிலேயே முதன்முறையாகத் தொழிலாளர் தினத்தைக் கொண்டாடியது இந்த நகரத்தின் கடற்கரையில்தான். பாறையை நெம்பி நகர்த்தும் நால்வரைக் காட்டும் உழைப்பாளர் சிலை 1959-இல் இங்கே நிறுவப்பட்டது. அதை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வள்ளுவர், ஔவையார், கம்பர் ஆகியோருடன், இத்தாலியிலிருந்து வந்து தமிழுக்கு உழைத்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவருக்கும் சிலை வைத்தார்கள். 2017 சனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இலட்சக்கணக்கான இளைஞர் கூடியதும் இங்கேதான்.

ஆனால் இந்த வரலாற்று நாள்களைவிட, சாதாரண மாலை நேரங்களே மெரினாவின் பெருமை. தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல் விற்கும் சிறுவன், பலூன் சுடும் கடை, குதிரை, கை ராட்டினம், ஈரமணலில் கிரிக்கெட், கடலைப் பார்த்தபடி எதுவும் பேசாமல் அமர்ந்திருக்கும் வயதான தம்பதியர். பத்து ரூபாய் இருந்தாலும் போகலாம். அதுவும் இல்லாவிட்டாலும் போகலாம். ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் வாழும் குடும்பத்துக்கு இந்த மணல்தான் கூடம், முற்றம், மொட்டைமாடி எல்லாம்.

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இங்கே பல உயிர்களைக் கொண்டுபோனது. அந்தக் கடலை இனி யார் பார்க்கப் போவார்கள் என்று நினைத்தோம். சில வாரங்களில் மக்கள் திரும்பினார்கள். வேறு எங்கே போவார்கள்?

எல்லாருக்கும் பொது என்று சொல்லும் இடத்திலும் சிலருக்கு வழி இல்லாமல் இருந்தது. சக்கர நாற்காலியில் வருவோர் மணலுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை சில நாள்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள். அவர்கள் தொடர்ந்து கேட்டதன் பயனாக 2022 நவம்பரில் அலை அருகே வரை செல்லும் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது; பின்னர் சரி செய்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாகக் கடல்நீரில் கால் நனைத்தவர்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, பொது இடம் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

பேட்டைக்கொரு முகம்

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோவில் குளத்தைச் சுற்றியுள்ள வீதிகள் பங்குனியில் அறுபத்து மூவர் விழாவின்போது நிரம்பி வழியும். அன்று மோரும் பானகமும் உணவும் வழிப்போக்கர் அனைவருக்கும் கிடைக்கும். யார் எவர் என்று கேட்பதில்லை. அருகிலேயே 1516-இல் எழுந்த நம் பிரகாச மாதா ஆலயம். காட்டுக்கோவில் என்று மக்கள் அழைத்த அந்த ஆலயத்தின் போர்த்துகீசியப் பெயரே லஸ் என்று அந்த வட்டாரத்துக்கு நிலைத்துவிட்டது. சதுப்பாகக் கிடந்த நிலத்தில் உருவான நாகேசுவர ராவ் பூங்காவும் அங்கேதான். காலையில் நடப்பவர்கள், இறகுப்பந்து ஆடுபவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று ஒவ்வொரு குழுவுக்கும் அங்கே ஒரு மூலை உண்டு.

பரங்கிமலைக்கு ஏறும் படிகளை அமைத்தவர் பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டியவரும் அவரே. எங்கிருந்தோ வந்து இங்கே பொருள் சேர்த்தவர், மக்கள் ஓரிடத்துக்குப் போய்ச் சேர வழி அமைப்பதைப் புண்ணியமாகக் கருதினார்.

வடக்கே இராயப்பர் பெயரைத் தாங்கிய இராயபுரம். துறைமுகம் வருவதற்கு முன், கப்பலில் வந்த சரக்கை மசூலாப் படகுகளில் கரை சேர்த்த படகோட்டிகள், தங்கள் கூலியிலிருந்து ஒதுக்கிய பணத்தில் எழுப்பியது அங்குள்ள புனித இராயப்பர் ஆலயம். தெற்கே பெசன்ட் நகரில் 1972-இல் தொடங்கிய அன்னை வேளாங்கண்ணித் திருத்தலம். ஆகஸ்டு 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை அங்கே வரும் கூட்டத்தில் கிறிஸ்தவர் எத்தனை பேர், மற்றவர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை. அதே கடற்கரையில், நீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் 1930-இல் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி காரல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம் நிற்கிறது. காதலர்களும் கல்லூரி மாணவர்களும் அதன் நிழலில் அமர்கிறார்கள்.

பெரிய சின்னங்கள் மட்டுமே கூடும் இடங்கள் அல்ல. வடசென்னைத் தெருமுனைகளில் ஒரு குண்டு பல்பு வெளிச்சத்தில் கேரம் பலகையைச் சுற்றி நிற்கும் இளைஞர்களைப் பார்த்திருப்போம். வேலையற்ற கூட்டம் என்று கடந்தும் போயிருப்போம். கேரம் ஆட்டத்தில் உலக சாம்பியனாகி 1996-ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் இந்தச் சென்னையின் மைந்தர்தான். வியாசர்பாடியிலிருந்து இளவழகி உலக சாம்பியனாக எழுந்தார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். தெருவில் ஒரு பலகைக்கு இடம் இருந்ததால் கிடைத்த பலன் இது.

இழந்தவை

சென்ட்ரல் அருகே 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டை நம் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். பழைய புத்தகம், இசைத்தட்டு, பொம்மை, புறா, நாய்க்குட்டி என்று அங்கே கிடைக்காதது இல்லை. ஏழை மாணவர் பலர் அரை விலைக்குப் பாடநூல் வாங்கிப் படித்தது அங்கேதான். 1985 மே மாதம் தீக்கு இரையானது. இன்று அவ்விடத்தில் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. புத்தகக் கடைக்காரர்களுக்கு வேறிடம் கிடைத்தது. பழைய கூட்டம் கிடைக்கவில்லை.

கதீட்ரல் சாலையில் 1962 முதல் இயங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் 2008-இல் மூடப்பட்டது. ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மரநிழலில் மணிக்கணக்கில் அமர்ந்து எழுதியவர்களும், வழக்குப் பேசியவர்களும், பெண் பார்த்தவர்களும் உண்டு. 2010-இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. மரங்கள் தப்பியது நல்லதே; ஆனால் அந்தப் பேச்சு வேறு எங்கும் குடியேறவில்லை. அண்ணா சாலையில் 1961 முதல் இருந்த சாந்தி திரையரங்கம் 2016-இல் மூடியது. அசோக் நகரில் ஒரு பேருந்து நிறுத்தத்துக்கே பெயர் தந்த உதயம் 2024-இல் மூடியது.

கெட்ட எண்ணத்தோடு யாரும் இவற்றை அழிப்பதில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். நிலத்தின் விலை ஏறுகிறது; உரிமையாளருக்குக் கட்டுப்படியாகவில்லை. வண்டிகள் பெருகுகின்றன, நிறுத்த இடம் தேவைப்படுகிறது. யாரோ குடித்துவிட்டுத் தகராறு செய்கிறார். உடனே வாயிலுக்குப் பூட்டு வருகிறது. பராமரிக்கப் பணம் வேண்டும் என்று நுழைவுக் கட்டணம் வருகிறது. ஒவ்வொரு முடிவும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கிறது. நம் மேடையை இடித்த முடிவும் அப்படித்தான் இருந்தது. எல்லாம் சேர்ந்த பிறகுதான், காசு கொடுக்காமல் உட்கார நகரத்தில் ஓரிடமும் இல்லை என்பது தெரிகிறது.

அதிகம் இழப்பவர் யார்?

வசதி உள்ளவர் ஓரிடம் போனால் இன்னோர் இடம் தேடிக்கொள்வார். குளிரூட்டிய வணிக வளாகம் அவருக்கு உண்டு. ஏழைகளுக்கு அப்படி அல்ல. கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் பிற பகுதிகளிலும் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் 2000 முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வெள்ளம் வரும் ஆற்றங்கரையைவிடக் கான்கிரீட் வீடு பாதுகாப்பானது என்பது உண்மைதான். ஆனால் வீட்டு வேலைக்குப் போன தாய்க்கு வேலை தூரமானது. பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பாட்டி வேறு பிளாக்கில், முன்பின் அறியாதவர் நடுவில். கடன் தந்த மளிகைக் கடை, சேதி தந்த தெருக்குழாய், ஞாயிறு தோறும் சென்ற ஆலயம் எல்லாம் பின்தங்கிவிட்டன. வீடு கொடுத்தோம், ஊரைக் கொடுத்தோமா?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில் இதைத் தெளிவாகத் தொட்டிருக்கிறார். நகரத்தில் நாம் வீட்டில் இருப்பது போன்ற உணர்வைத் தரும் பொது இடங்களையும் அடையாளச் சின்னங்களையும் காக்க வேண்டும் என்று 151-ஆம் எண்ணில் கூறுகிறார். அடுத்த எண்ணிலேயே, ஏழைகளை இடம் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் முன்கூட்டியே அவர்களுக்கு முழுத் தகவல் தரப்பட வேண்டும், தகுதியான வீடுகளில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வேண்டும், முடிவெடுப்பதில் அவர்களும் பங்குபெற வேண்டும் என்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது தற்செயல் அல்ல என்றே நமக்குத் தோன்றுகிறது.

அதே கண்ணகி நகர் நமக்கு ஒரு பாடமும் சொல்லித் தருகிறது. அங்கே குடியேறியவர்களின் பிள்ளைகள் கிடைத்த திறந்தவெளியில் கபடி ஆடத் தொடங்கினார்கள்; பயிற்சி தரவும் ஒருவர் முன்வந்தார். அங்கிருந்து எழுந்த கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியின் துணைத் தலைவி. முகவரியைச் சொல்லவே தயங்கிய பகுதியின் பெயரை அந்தப் பெண் பெருமையோடு சொன்னார். ஒரு திடல் இருந்தால் மனிதர்கள் மீண்டும் ஊராவார்கள்.

இது உயிர் காக்கும் காரியம்

1995 சூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கடும் வெப்ப அலை வீசியது. வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்தார்கள். தனியே வாழ்ந்த முதியவர்களே அதிகம். எரிக் கிளைனன்பர்க் என்ற அறிஞர் இதை ஆராய்ந்தபோது ஓர் உண்மை தெரிந்தது. அடுத்தடுத்து இருந்த இரு ஏழைப் பகுதிகளில் ஒன்றில் சாவு மிக அதிகம், மற்றதில் மிகக் குறைவு. குறைவாக இருந்த பகுதியில் கடைவீதியும் நடைபாதையும் ஆள் நடமாட்டத்தோடு இருந்தன. முதியவர்கள் வெளியே வந்தார்கள். வராதவரைப் பிறர் தேடினார்கள். மற்ற பகுதியில் கடைகள் மூடிக் கிடந்தன. மக்கள் கதவடைத்து உள்ளேயே இருந்தார்கள்.

நாமும் 2015 திசம்பரில் இதைக் கண்டோம். வெள்ளம் சூழ்ந்த இரவுகளில் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் கோவில்களும் பள்ளிக்கூடங்களும் கதவைத் திறந்தன. எந்த வீட்டு மாடியில் கர்ப்பிணி இருக்கிறார், எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்பதைச் சொன்னது அரசுப் பதிவேடு அல்ல. அந்தத் தெருவின் டீக்கடையில் தினமும் நின்றவர்கள்தான்.

நம் பங்கு என்ன செய்யலாம்?

இறைவாக்கினர் செக்கரியா மீட்கப்பட்ட எருசலேமைப் பற்றிக் கூறும்போது, எட்டாம் அதிகாரத்தில், கோட்டையையும் பொன்னையும் முதலில் காட்டவில்லை. கைத்தடி ஊன்றிய கிழவரும் கிழவியரும் தெருக்களில் அமர்ந்திருப்பதையும், அதே தெருக்களில் சிறுவரும் சிறுமியரும் விளையாடுவதையும் காட்டுகிறார். ஒரு நகரம் நலமாக இருக்கிறதா என்று அறிய இதைவிட நல்ல அளவுகோல் உண்டா?

எனவே சில எளிய காரியங்களைச் சிந்திப்போம். ஆலய வளாகத்தின் வாயில் பகலில் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது? அங்கே நிழலில் உட்கார ஓர் இருக்கையும் குடிக்கத் தண்ணீரும் உண்டா? மாலையில் தெருப்பிள்ளைகள் பந்தாட வந்தால் விரட்டுகிறோமா, நேரம் ஒதுக்கித் தருகிறோமா? சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் உண்டா? அன்பியக் கூட்டம் செபத்தோடு முடிந்துவிடாமல், அந்த வாரம் காணாமற்போனவர் யார் என்று கேட்கிறதா? நம் பகுதியில் பூங்காவோ திடலோ நூலகமோ பறிபோகும்போது, அது கிறிஸ்தவர் பிரச்சினை அல்ல என்று ஒதுங்குகிறோமா? பொது இடத்தைக் காப்பதில் சமயம் இல்லை. அதைக் காக்க அடுத்த தெருக் கோவில் நிர்வாகியோடும் பள்ளிவாசல் பெரியவரோடும் சேர்ந்து நிற்பதே ஒரு கூடும் இடமாகிவிடும்.

நம் மேடையின் கதையை முடிக்க வேண்டும். அடுத்த ஆண்டே பேரவையைக் கூட்டி, நம் தவறை ஒப்புக்கொண்டு, அதே வேப்பமரத்தடியில் மேடையை மீண்டும் கட்டினோம். இப்போது அது கொஞ்சம் அகலம். முதுகு சாய்க்கச் சுவரும் உண்டு. வண்டிகள் ஞாயிறன்று சற்றுத் தள்ளி, தெருவில் நிற்கின்றன. பழைய பெரியவர்களில் பாதிப் பேர்தான் திரும்பி வந்தார்கள். சிலர் இறந்திருந்தார்கள், சிலர் வீட்டுக்குள்ளேயே இருந்து பழகிவிட்டார்கள். ஒரு நாளில் இடித்ததை ஒரு நாளில் கட்டிவிட முடியாது என்று கற்றுக்கொண்டோம். ஆனால் அந்த மூதாட்டியை அவருடைய பேரன் ஞாயிறு தோறும் சக்கர நாற்காலியில் அழைத்து வந்து மேடை அருகே நிறுத்துவான். அவர் அங்கே இருக்கும்வரை யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

அடுத்த முறை நம் தெருவில் யாராவது ஓர் இருக்கையை, ஒரு மரத்தடியை, ஒரு திடலை எடுத்துவிடலாம் என்று சொன்னால், அங்கே தினமும் யார் உட்காருகிறார் என்று முதலில் கேட்போம்.